யமன் திசை வாறுகால்

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஹம்சவேணி நகர் என்று ஒன்று உண்டாயிற்று. பத்து வருஷத்துக்கு முன்னால் அது சோளக்காடு. மனை போட்டு விற்றவர் தம் சம்சாரத்தின் பேரை வைத்தார். சம்சாரம் ஒருநாளும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. அங்கே அறுபது வீடுகள், அறுபது வீட்டு வாசலிலும் திருஷ்டிப் பூசணி, நடுவில் தெற்கு வடக்காக ஒரே ஒரு தார் ரோடு. அந்த ரோடு போட்ட வருஷமே ஐப்பசி மழையில் ஊறி, கார்த்திகையில் பெயர்ந்து, மார்கழியில் கோலம் போடுகிறவர்கள் ஜல்லியை ஒதுக்கிவிட்டுப் புள்ளி வைக்கும்படி ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் மறுபடி ரோடு போட உத்தரவு வந்தபோது ஓவர்சியர் கிரிதரன் வந்து பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னார்.

"தண்ணிக்கு வழி விடாம தார் ஊத்துறது, ஒழுகுற வீட்டுல புதுப்பாய் விரிக்கிற மாதிரி. முதல்ல ஓரமா வாறுகால் கட்டுங்க. தண்ணி தெற்கே கண்மாய்க்குப் போயிரட்டும்."

நிலம் தெற்கே சரிந்துதான் கிடந்தது. வடக்கு முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டால் அது தானாகத் தெற்கு முனைக்குப் போய்ச் சேரும். சொன்னதோடு ஓவர்சியர் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

வாறுகால் வேலையை எடுத்தது கருத்தக்கண்ணன் மேஸ்திரி. அவனோடு ஐந்து ஆட்கள். அதில் பாண்டியம்மாளுக்குத்தான் டியூப் மட்டம் பார்க்கத் தெரியும். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அதை வைத்துக் குறி போட்டுக்கொண்டே போனால் வாறுகாலுக்கு வேண்டிய சரிவு, அதாவது வாட்டம், கிடைக்கும். இருபது வருஷமாக அவள் டியூப் பிடிக்கிறாள். அவள் வைத்த குறியைக் கருத்தக்கண்ணன் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் நாள் காலையில் நகர் சங்கத் தலைவர் சந்தானம் வந்தார். கீழவாசலில் ஜவுளிக்கடை வைத்திருந்து, இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு நகரை நிர்வாகம் பண்ணுகிறவர். கூடவே வாஸ்து வெங்கடேஷ்பாபு. போன வருஷம் வரைக்கும் வெங்கடேஷ்பாபு வீடு வீடாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை. பிறகு ஒரு திசைகாட்டி வாங்கினார், அது ஓடியது.

"தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார் வெங்கடேஷ்பாபு.

"தெற்கேங்க," என்றான் மேஸ்திரி.

வெங்கடேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டார். "தெற்கு யமன் திசை. ஒரு நகரத்துத் தண்ணி மொத்தமும் யமன் வாசலுக்குப் போனா, வீட்டுக்காரங்க எம்புட்டு நாளைக்கு இருப்பாங்க? ஈசானியத்துக்குத் திருப்புங்க. தண்ணி வடகிழக்கே போனா செல்வம்."

பாண்டியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வடகிழக்கு மூலையில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது பழைய காளவாசல் பள்ளம். செங்கலுக்கு மண் எடுத்து எடுத்து ஆள் உயரத்துக்கு இறங்கிப்போன இடம். அதில்தான் சர்க்கார் பதினெட்டுத் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்திருந்தது. மேட்டில் கட்டினால் ஏழைகளுக்குத் தலைசுற்றும் என்று யாரோ ஒரு அதிகாரி கவலைப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது வீடு பாண்டியம்மாளுடையது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவள், போன தையில்தான் தன் வீட்டுக்குச் சிவப்புத் தரை போட்டுக்கொண்டாள். அறுபது வீட்டு மழைத்தண்ணீரும் குளியல்தண்ணீரும் அந்தத் தரைக்குத்தான் வரப்போகிறது.

"சார், தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். மேட்டைப் பார்த்து ஓடச் சொன்னா கேக்காதுங்களே. தெற்கே தேங்கி ரோடும் போயிரும்," என்றாள்.

சந்தானம் தம் வீட்டு வாசலில் நின்ற மனைவி வசுந்தராவிடம் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாண்டியம்மாளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஆனாலும் 'இவளுக்கு என்ன தெரியும்' என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் வேலையாளுக்கு விளங்கிவிடும்.

"வடக்கே போகப் போக ஆழமாத் தோண்டு, தானா ஓடும். இல்லேன்னா வேற மேஸ்திரியைப் பார்த்துக்கிறேன்," என்றார் சந்தானம், கருத்தக்கண்ணனைப் பார்த்து.

சாயங்காலம் பாண்டியம்மாள் பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவுகளுக்குச் செல்வம் வாரதுக்கு நம்ம அடுப்புல சாக்கடையா? பஞ்சாயத்துல போய்ச் சொல்லுவமா?"

"சொன்னா மனு எழுதிக் குடுன்னுவாய்ங்க. மனு மேசைக்குப் போறதுக்குள்ள தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும்."

மறுநாள் தெற்கு முனையிலிருந்து மட்டம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கருத்தக்கண்ணன் பின்முனையைப் பிடித்தான். பாண்டியம்மாள் முன்முனையோடு வடக்கே நடந்தாள்.

"நின்னுருச்சா மதினி?"

"நின்னுருச்சு."

"ரெண்டு விரல் கீழ வையி."

பாண்டியம்மாள் இரண்டு விரல் மேலே வைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள். கருத்தக்கண்ணன் அந்த நேரம் பார்த்துக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அடுத்த இடத்திலும் இரண்டு விரல் மேலே. அதற்கடுத்த இடத்திலும். நீளமான வாறுகாலில் இரண்டு விரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும். தெற்கு முனையை அடைக்கச் சொல்லியிருந்தார்கள்; அங்கே நாலு செங்கல்லைச் சாந்து இல்லாமல் சும்மா அடுக்கிவைத்தாள்.

சந்தானம் தினமும் காலையில் நடைப்பயிற்சிக்கு வந்து, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாறுகாலைப் பார்த்தார்.

"வாட்டம் நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்குங்க சார்," என்றாள் பாண்டியம்மாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வாறுகால் முடிந்தது. தாரும் ஊற்றியாயிற்று. புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் திறப்புவிழா வைத்தார்கள். சாக்கடைக்குத் திறப்புவிழா வைத்தது அந்த வட்டாரத்திலேயே முதல் தடவை. மாவிலைத் தோரணம், மைக் செட், கேசரி. வசுந்தரா பட்டுச்சேலையில் வந்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் செவ்வந்திப்பூ மிதக்க இரண்டு பித்தளைக் குடங்களை வாறுகாலின் நடுவில் ஊற்றினார்.

எல்லோரும் வடக்கே பார்த்துக் கும்பிட்டார்கள். பூ தெற்கே போயிற்று.

அது நிதானமாக, யாரையும் சட்டை பண்ணாமல் போயிற்று. தெற்கு முனையில் அடுக்கியிருந்த செங்கல்லின் இடுக்கு வழியாக மஞ்சள் தண்ணீர் கசிந்து கண்மாய்ப் பக்கம் இறங்கியது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

சந்தானத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏய் மேஸ்திரி! என்னய்யா கட்டியிருக்க? அம்புட்டையும் இடிச்சுட்டு மறுபடி கட்டு!"

கருத்தக்கண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். வெங்கடேஷ்பாபு திசைகாட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார், அதுதான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போல.

இடித்தால் அடுத்த தடவை தலைவரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பாண்டியம்மாளுக்குத் தன் சிவப்புத் தரை கண்ணில் வந்து நின்றது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்ற நியாயம் இங்கே ஒருதரம் சொல்லிப் பார்த்ததுதான், விலை போகவில்லை. விலை போகிற சரக்கை எடுக்க வேண்டியதுதான்.

"அம்மா," என்றாள், தலைவரை விட்டுவிட்டு வசுந்தராவைப் பார்த்து. "நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. ஈசானியம் சாமி மூலைதானம்மா? அங்க தீர்த்தம் விடலாம். அறுவது வீட்டுக் குளியல் தண்ணியையும் எச்சித் தண்ணியையும் சாமி மடியில கொண்டுபோய் ஊத்தலாமா? பீடையை யமன்கிட்ட அனுப்பாம யாருகிட்டம்மா அனுப்புறது?"

வசுந்தரா நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ! நம்ம வீட்டுல பூஜை ரூம் அந்த மூலையிலதான இருக்கு!"

கூட்டம் மொத்தமும் வெங்கடேஷ்பாபுவைத் திரும்பிப் பார்த்தது. அவர் திசைகாட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"இதைத்தான் இப்ப சொல்ல வந்தேன். உள்ள வாற தண்ணி ஈசானியத்துல வரணும். வெளிய போற தண்ணி தெற்கே போகணும். இது வாஸ்துல ரெண்டாம் பாடம். முதல்லயே சொன்னா உங்களுக்குக் குழப்பமாயிரும்னுதான் மேஸ்திரிகிட்ட மட்டும் தனியாச் சொல்லி வச்சேன். என்ன மேஸ்திரி?"

கருத்தக்கண்ணன் ஒரு நொடி முழித்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமாண்ணே, ரகசியமாச் சொன்னீக," என்றான்.

கை தட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். வேலையாட்களுக்கு அது கடைசியில் வந்ததால் முந்திரி இல்லை.

"மதினி," என்றான் கருத்தக்கண்ணன் கேசரியை வழித்துக்கொண்டே, "அன்னைக்கு அந்தக் காத்துல எதுக்குப் பீடி பத்தவச்சேன்னு நெனச்ச? நாலு குச்சி வீணாப்போச்சு."

பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பூ தெற்கே போனப்ப ஏன் உன் கால் அப்படி ஆடுச்சு?"

"அது பசியில ஆடுனது."

ஐப்பசி இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாமல் அடித்தது. தார் ரோட்டில் விழுந்த தண்ணீர் வாறுகாலில் இறங்கி, அடுக்கிவைத்த செங்கல்லைத் தள்ளிக்கொண்டு, கண்மாய்க்கு ஓடியது. ரோட்டில் ஒரு ஜல்லி பெயரவில்லை. சந்தானம் குடை பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ரோட்டைக் காட்டி, வாஸ்துவின் மகிமையைச் சொன்னார். வாறுகால் ஓரத்தில் ஒரு சலவைக்கல் நட்டு, தம் பேரையும் வெங்கடேஷ்பாபு பேரையும் பொறிக்க ஏற்பாடாயிற்று. ஒத்தக்கடையிலிருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் புது நகர்காரர்கள் வெங்கடேஷ்பாபுவைத் தேடி வந்தார்கள். நிலம் எந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் சாக்கடை தெற்கேதான் போக வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளத்தில் பாண்டியம்மாள் காலை நீட்டித் தன் சிவப்புத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூரை ஓரத்தில் ஒழுகியது, அவ்வளவுதான். முருகம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"கல்லுல அவுக பேரெல்லாம் போடுறாகளாம்டி. உன் பேரையும் போட்டா என்ன, குறைஞ்சா போயிருவாக?"

"போட வேண்டாம் தாயி," என்றாள் பாண்டியம்மாள். "என்னைக்காவது அது அடைச்சுக்கிட்டா, கல்லுல யாரு பேரு இருக்கோ அவுகளைத்தான் இறங்கி அள்ளச் சொல்லணும்."