ஜோக்கரை வைத்துக்கொண்டு ஸ்கூட் சொன்னவன்

அந்தத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று வெற்றிச்செல்வியைக் கேட்டால் போதும். உள்ளே வெந்தது கறியா பருப்பா என்பதையும் சேர்த்தே சொல்வாள். பெரம்பலூரிலேயே அப்படி ஒரு காது கிடையாது. அந்தக் காதுக்கும் ஒரு விஷயம் எட்டாமல் போயிருந்தது: எதிர்வீட்டு அய்யம்பெருமாள் வரிசையாக ஸ்கூட் சொன்னதன் அர்த்தம்.

ஞாயிறு மதியம் அவள் வீட்டு போர்ட்டிகோவில் ரம்மி நடக்கும். தோற்றவர் காதில் துணி கிளிப், அவ்வளவுதான் பந்தயம். கைக்கு வந்த சீட்டு சரியில்லை என்றால் ஆரம்பத்திலேயே கவிழ்த்து வைத்து ‘ஸ்கூட்’ என்று விலகிக்கொள்ளலாம். அய்யம்பெருமாள் கடைசியாக ஆடிய நாட்களில் ஓர் ஆட்டம் விடாமல் ஸ்கூட். “அண்ணனுக்குக் காது மேல என்னா ஆசை” என்று சிரித்தார்கள். பிறகு ஒருநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் கவிழ்த்ததெல்லாம் மோசமான சீட்டுதானா என்று யாரும் புரட்டிப் பார்த்திருக்கவில்லை.

கை உடைந்த அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே கிடக்கிறது. அப்புறப்படுத்தவும் மனமில்லை, உட்காரவும் துணிவில்லை. சீட்டுப் போடும் கை தன்னால் அந்தப் பக்கம் ஒன்றை வீசிவிடும். காற்றே இல்லாத மதியத்தில் நாற்காலி கிறீச்சிடும். “பல்லி” என்பான் அவள் புருஷன் அறிவரசன். பல்லி உட்கார்ந்தால் நாற்காலி முனகுமா என்று அவளும் கேட்டதில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். மனசு தாங்காதபோது இலவசமாகக் கூப்பிட அரசாங்க எண் 14416 என்றார். அவள் வந்து அதைச் சொன்னதும் அறிவரசன் நீல மார்க்கர் பேனாவை எடுத்து, எந்தச் சீட்டுக்கும் ஈடாகும் ஜோக்கர் சீட்டு எல்லாவற்றிலும் எழுதினான். எழுதியதெல்லாம் சரி, முதுகுப் பக்கம் எழுதிவிட்டான்.

“ஏங்க, யாரு கையில ஜோக்கர்னு தெருவுக்கே தெரியுமே!”

“தெரியட்டுமே. நம்பரும் தெரியும்ல?”

அன்றிலிருந்து வெற்றிச்செல்வியின் காதில் கிளிப் ஏறவே இல்லை. எதிராளி விசிறியாக விரித்த சீட்டில் நீல எண் தெரிந்தால் ஸ்கூட், தெரியாவிட்டால் ஆட்டம். இதுதான் அவளுடைய ராஜதந்திரம்.

இந்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பரணிதரன் வந்திருந்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கிறாள். எதற்கு என்பது வெற்றிச்செல்விக்குத் தெரியும், தெரு முழுக்கவும் தெரியும். அவன் சீட்டை விரித்ததும் இரண்டு நீல எண்கள் அவளை முறைத்தன. வழக்கம்போல ஸ்கூட் சொல்ல அவள் வாயெடுத்தாள்.

“ஸ்கூட்” என்றான் பரணிதரன்.

சொன்னது அவன் வாய். குரல் என்னவோ நாற்காலிப் பக்கமிருந்து வந்தது போல் அவளுக்குக் கேட்டது.

“ரெண்டு ஜோக்கரை வெச்சுக்கிட்டாடா?” என்று அறிவரசன் சிரித்தான்.

பரணிதரன் எழுந்துவிட்டான். “சிறுவாச்சூர் வரைக்கும் போயிட்டு வரேங்க்கா. அம்மனைப் பாக்கணும். வூட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும். அவ வந்தா குடுத்துருங்க.”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமைடா. மதுரகாளி கோயிலு திங்களும் வெள்ளியுந்தான தொறப்பாங்க? பூட்டுன கோயிலுக்கு என்னத்துக்குப் போற?”

அவன் சாவியை நீட்டியபடியே நின்றான். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த நினைப்பே வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். கேட்பதால் வராது, நேராகவே கேளுங்கள் என்று அந்த நர்ஸ் சொல்லியிருந்தார். ஊரில் எல்லாரையும் எல்லாமும் கேட்டவள் இதைக் கேட்காமல் விடுவதா?

“பரணி, செத்துப்போயிரலாம்னு நெனப்பு இருக்கா?”

“ஏய், என்னா பேச்சு இது!” என்றான் அறிவரசன்.

“நீங்க சும்மா இருங்க. தம்பி சொல்லட்டும்.”

நாற்காலி கிறீச்சிட்டது. இந்தத் தடவை யாரும் பல்லி என்று சொல்லவில்லை.

“ஆமாக்கா” என்றான் பரணிதரன். “தூக்கமே இல்ல. மண்டைக்குள்ள லாரி ஓடிக்கிட்டே இருக்கு. பெருமாளண்ணன் வேற, ‘போதும் வாடா’ங்கிற மாதிரியே கேக்குது.”

வெற்றிச்செல்வி அழவுமில்லை, திட்டவுமில்லை. கவிழ்ந்து கிடந்த அவன் சீட்டை அப்படியே டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

“ஜோக்கர் கையில இருந்தா ஸ்கூட் செல்லாது. எங்க வூட்டுச் சட்டம்.”

“எப்பலேர்ந்துக்கா?”

“இப்பலேர்ந்து.”

மனப்பாடமான எண்ணைக்கூட அறிவரசன் ஜோக்கரின் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் போனில் அழுத்தினான். எதிர்முனைப் பெண்ணோடு பரணிதரன் முதலில் முனகினான், பிறகு பேசினான். இன்றே டாக்டரைப் பாருங்கள், அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள் என்றாள் அவள். அறிவரசன் ஆட்டோ கூப்பிடப் போனான்.

கேட்டைத் தாண்டும்போது பரணிதரன் நின்றான். “இப்பவும் கேக்குதுக்கா.”

“கேக்கட்டும்” என்று அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரி வரைக்கும் நான் வாய மூடப்போறதில்ல. எம் பேச்சத் தாண்டி எந்தப் பேய் பேசிருதுன்னு பாக்கறேன். ஏறு. அந்தக் கோடி வூட்டுக்காரி புதுசா ஏசி மாட்டியிருக்கா, தெரியுமா?”