பின்வீட்டின் ஈரப்பதம்

1

இந்தக் கதை என் மனைவியுடையது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்டபோது அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எழுதிக்கோங்க. ஆனா என்னைப் பாவமா எழுதிடாதீங்க. படிக்கிறவங்க 'ச்சூ ச்சூ'ன்னு கொட்டினா எனக்குக் கூசும்."

முதல் தொடக்கம்: "காற்றெங்கும் கண்ணுக்குத் தெரியாத செய்திகள் அலைந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், தன் தனிமையின்

(நிறுத்திவிட்டேன். அவள் தனியாக இல்லை. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அவளும் அவள் அக்காவும் பேசிக்கொள்வதில்லை."

இது பரவாயில்லை. உண்மையாக இருக்கிறது, சின்னதாகவும் இருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

2

அவளும் அவள் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. அக்கா இருப்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில். இரண்டும் அவர்கள் அம்மாவின் வீடுகள். நடுவில் ஒரு முற்றமும் ஒரு கதவும் உண்டு. கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். அக்காவின் வாசல் பின் தெருவைப் பார்த்தது. ஆக, ஒரே சுவருக்கு இருபுறமும் இருந்துகொண்டு இருவரும் வெவ்வேறு தெருவில் வசித்தார்கள்.

காரணம் இதுதான். அம்மா இறந்த நாளில், வெளியூர் போயிருந்த அக்கா திரும்பி வந்த ரயில் தாமதம். அடக்கத்தை என் மனைவி தள்ளிப்போடவில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். காத்திருக்க முடியவில்லை என்று இவள். காத்திருக்க மனமில்லை என்று அவர். அதோடு பேச்சு நின்றது. சில வருடங்களாயிற்று.*

* நான் அந்த நாளில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். பிறகு அடுக்கி வைத்தேன். இந்தக் கதையில் என் பங்கு பெரும்பாலும் அப்படித்தான்.

3

இப்போது ரேடியோ. இந்தப் பகுதியை அவள் திருத்திக் கொடுத்திருக்கிறாள். முதல் பிரதியில் நான் அதை "மாயக் கருவி" என்று எழுதியிருந்தேன்.

"மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. பென்டிரைவ் மாதிரி ஒண்ணு, அதுல ஒரு ஆன்டெனா. அலையைப் பிடிச்சு லேப்டாப்புக்குக் கொடுக்கும். மிச்சத்தை சாஃப்ட்வேர் பாத்துக்கும். நம்ம சமையலறை மிக்ஸியே இதைவிட விலை ஜாஸ்தி. அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதிவிட்டேன்.

அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தைப் பிடித்துக் காட்டத்தான் அதை வாங்கினாள். மேகம் வந்தது, கோடு கோடாக, பாதி கிழிந்த பாயைப் போல. பிறகு வேறு அலைவரிசைக்குப் போனாள். அங்கேதான் ஊரின் சின்னச் சின்னக் கருவிகள் பேசிக்கொண்டிருந்தன: அழைப்பு மணிகள், தெருவில் போகும் கார்களின் டயரில் காற்று எவ்வளவு என்று சொல்லும் சில்லுகள், யார் வீட்டு வெப்பமானியோ. எல்லாம் எண்கள். ஒவ்வொரு கருவியும் முதலில் தன் அடையாள எண்ணைச் சொல்லும், பிறகு செய்தியைச் சொல்லும்.

அந்தக் கூட்டத்தில் ஒன்று வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சொன்னது. காலையில் ஈரப்பதம் திடீரென ஏறும். மெல்ல இறங்கும். சாயங்காலம் மறுபடி ஏறும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

அக்கா காளான் வளர்க்கிறார். ஒரு அறை முழுக்க வைக்கோல் பைகள் தொங்கும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்.

அன்றிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை திரையைப் பார்ப்பாள். எண் ஏறியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு போவாள். கார்களின் டயர்கள் திரையை நிறைத்துத் தொந்தரவு செய்ததால், அக்காவின் கருவி எண்ணை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்தாள். உலகத்தில் மற்ற எல்லாம் மறைந்தது.

நான் ஒருநாள் கேட்டேன். "பின்னால நடந்து போய்க் கேட்டா முடிஞ்சது. இல்ல என்னைக் கேளு, நான்தான் தினமும் பாக்கறேனே?"

"எதைக் கேக்கணும்?"

"அக்கா எப்படி இருக்காங்கன்னு."

"யாரு எப்படி இருந்தா எனக்கென்ன? நான் காளானைப் பாக்கறேன்."

4

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதத்தை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் இளக்கி, கண்ணில் நீர் வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதைப் படித்துவிட்டு அவள், "இது யாருங்க, உங்க சித்தி பொண்ணா?" என்றாள். கிழித்துப் போட்டேன்.

ஒரு விடுமுறை நாள். எனக்கு மட்டும் வேலை இருந்தது. நான் பின் தெரு வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போவேன். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கை கொடுத்துட்டுப் போங்களேன். இந்தச் சனியனோட மூடி திறக்க மாட்டேங்குது. என் கையெல்லாம் ஈரம்."

காளான் அறையில் ஆணியில் தொங்கிய, ஈரப்பதமும் சொல்லும் வெப்பமானியை இறக்கிக் கொடுத்தார். மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். அவர் அலமாரியிலிருந்த, அதன் எண்களை வாங்கிக் காட்டும் திரைப்பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு அது?"

"பேட்டரி மாத்தினா இது புதுசாப் பொறந்த மாதிரி வேற நம்பர் வச்சுக்கும் தம்பி. பழைய நம்பர்ல கூப்பிட்டா திரும்பாது. மறுபடி தேட விடணும்."

"நல்ல பிறவி," என்றேன். அவர் சிரித்தார். நான் போனேன்.

5

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் பிரச்சினை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. வடிகட்டி பழைய எண்ணுக்காகக் காத்திருந்தது. திரை காலியாக இருந்தது. அவள் லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். ஆன்டெனாவை ஜன்னலுக்கு, பிறகு மாடிப்படிக்கு, பிறகு முற்றத்துக்கே கொண்டுபோனாள். ஒன்றும் வரவில்லை. வடிகட்டியை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எண்களைத் தெரிந்தவள்தான், ஆனால் அப்போது அவள் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மதியம் வரை பொறுத்தாள். முற்றத்துக் கதவைத் தட்டினாள். உள்ளே பைகளுக்கு நடுவே இருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. செருப்பு போடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கதவு திறந்ததும் என்ன நடந்தது?

முதல் சாத்தியம்: கட்டிக்கொண்டு அழுதார்கள். (அக்கா கட்டிக்கொள்ளும் ரகம் இல்லை.)

இரண்டாவது: இவள் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினாள், அக்கா பின்னாலேயே

(இல்லை. திரும்பியிருந்தால் நான் வீட்டுக்கு வந்தபோது முற்றத்துக் கதவு திறந்து கிடந்திருக்காது.)

மூன்றாவதைக் கொஞ்சம் நம்புகிறேன்:

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்கற? கால்ல என்ன, ரத்தமா?"

"கல்லு குத்திருக்கும்."

"உள்ள வா. தரையெல்லாம் ஈரம், பாத்து."

கேட்டுப் பார்த்தேன். "அக்காவைக் கேளுங்க" என்றாள் இவள். "அவளையே கேளுங்க தம்பி" என்றார் அவர். அந்தச் சில நிமிடங்களை இருவரும் தங்களுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். எழுத்தாளனாக எனக்கு நஷ்டம். வீட்டு மனிதனாக, நான் அந்தப் பூட்டைத் தொட விரும்பவில்லை.

இப்போது பேசுகிறார்களா என்றால், சண்டை போடுகிறார்கள். இதை எழுதும்போதும் கேட்கிறது. "என் ஈரத்தை நீ எதுக்குடி அளந்த?" "உயிரோட இருக்கியான்னு பாத்தேன், தப்பா?" "அம்மாவுக்காகப் பொறுக்காதவ, எனக்காக மதியம் வரைக்கும் பொறுத்தியாக்கும்!" நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு பாத்திரம் கழுவும் சத்தம், இரண்டு பேர் கழுவுவது போல.

6

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல இடம்.

அன்று மாலை வடிகட்டியை எடுத்ததும் புது எண்ணோடு அக்காவின் அறை திரையில் இருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்கிறது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பேட்டரியை நீங்கதான் மாத்துனீங்களாமே? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"தோணலை," என்றேன்.

தோன்றியது. பேருந்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா சொன்னது உறைத்தது: வேறு நம்பர். இவள் திரை காலியாகும் என்று புரிந்தது. போனை வெளியே எடுத்தேன். அவள் பெயர் வரை போனேன். அவள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அலைவது கண்ணில் தெரிந்தது. இப்போது சொன்னால் சிரித்துவிட்டு எண்ணை மாற்றிக்கொள்வாள். இன்னும் பல வருடம் காளானைப் பார்ப்பாள். போனைச் சட்டைப்பையில் போட்டேன். ஒரு காலை முழுக்க, அக்கா செத்துக் கிடக்கிறார் என்று அவளை நினைக்க விட்டேன்.

நல்லதுதானே நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வெறுங்காலோடு ஓடியது நானில்லை.

7

சற்று முன் அவள் முற்றத்திலிருந்து வந்து, கதையைக் கேட்டாள். ஐந்தாம் பகுதி வரை கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். சிரிப்பு கேட்டது, சித்தி பொண்ணு வரை வந்திருப்பாள். ஆறாம் பகுதி உள்ள தாள் என் கையில் இருக்கிறது. பக்க எண் போடவில்லை. பாத்திரம் கழுவும் சத்தத்தோடு கதை முடிந்தது என்றால் நம்புவாள்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்தத் தாள் எப்படியோ பிழைத்திருக்கிறது. அவள் கை வழியாக வந்ததா, அவளுக்குத் தெரியாமல் வந்ததா என்பதை நான் எழுதப்போவதில்லை.

"ஏங்க, இவ்வளவுதானா? இன்னும் தாள் இருக்கா?"

நாற்காலி நகர்கிறது. அவளே எழுந்து வருகிறாள். மேசை டிராயர் பாதி திறந்திருக்கிறது. உள்ளே போடட்டுமா, நீட்டட்டுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம்.