நன்றாகப் பாடிய கத்தி

ஸ்பெயினில் இருக்கும் அல்பசேத்தே ஊரில் யாரும் மடக்குக் கத்தியைக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. காதருகே வைத்து மெல்ல விரிப்பார்கள். அலகின் அடியில் இருக்கும் பற்கள் பிடியின் முதுகுப்பட்டையில் உள்ள துளையில் ஒவ்வொன்றாக விழும்போது கடக், கடக் என்று சத்தம் வரும். சத்தம் கணீரென்று வந்தால் நல்ல கத்தி, மந்தமாக வந்தால் குப்பை. எஃகு எப்படி, பிடி என்ன மரம் என்பதெல்லாம் அப்புறம்தான். விலை கூடிய கத்தி வாங்குகிற கனவானும் அப்படித்தான், சந்தையில் மலிவாக ஒன்றை வாங்கிப் பையில் போடுகிற லாரிக்காரனும் அப்படித்தான். காதைக் கொடுத்தால் போதும், கத்தியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஊர்.

கசில்தாவுக்கு மலிவுக் கத்திப் பட்டறை ஒன்றில் கடைசி மேஜை. முடிந்த கத்திகளை விரித்து, கேட்டு, தேறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். போன வாரம் ஒரு பெட்டி முழுக்கச் சத்தம் சரியில்லை. முதலாளி லியோன்சியோ ஒன்றை எடுத்துக் காதில் வைத்தார், முகம் கோணிவிட்டது.

"சளி பிடிச்ச மாதிரி இருக்கேம்மா. இத எந்தக் கடக்காரன் எடுப்பான்? அந்தப் பல்லு ஓரத்த அரத்தால லேசாத் தேச்சு விடு. தொண்ட தெளிஞ்சிரும்."

கசில்தா தேய்த்தாள். தொண்டை தெளிந்தது. தெளிந்தது என்ன, பாடவே பாடியது. அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கணவன் ஹினேஸ் திராட்சைத் தோட்டங்களில் அடிமரத்தைப் பிளந்து, நல்ல ரகக் குச்சியைச் சொருகி ஒட்டுக் கட்டுகிறவன். அவனுடைய பழைய கத்தி அலகு முறிந்து போயிருந்தது. பெட்டியிலேயே நன்றாகப் பாடுகிற ஒன்றாகத் தேடி எடுத்து, காசு கொடுத்து வாங்கி, நேற்று அவன் கையில் கொடுத்தாள். அவனும் சமையலறையில் நின்று அதைத் திறந்து திறந்து மூடி அவள் உயிரை வாங்கினான்.

இன்று மதியம் சாப்பாட்டு வேளையில், பக்கத்து மேஜை விசி தன் ஆட்டுப்பால் சீஸை வெட்ட அதே பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். நன்றாகக் காய்ந்த சீஸ். அலகு பாதியில் மாட்டிக்கொண்டது. விசி பிடியை மேலே இழுத்தாள். அலகு சீஸிலேயே நின்றது, பிடி மட்டும் மேலே வந்தது, கத்தி அவள் விரல்கள் மேல் மடிந்தது.

லியோன்சியோ துணியைச் சுற்றி அவளைக் காரில் ஏற்ற ஓடினார். கசில்தா கத்தியை எடுத்துப் பார்த்தாள். பல்லின் முனை உருண்டையாக இருந்தது. அவள்தான் உருட்டியவள். சத்தம் வருவதற்கு முனை கூராக இருக்க வேண்டாம். துளையைக் கவ்விப் பிடிக்கத்தான் வேண்டும். இத்தனை வருஷமாக மேஜையில் உட்கார்ந்தவளுக்கு இது தோன்றவில்லை, ஏனென்றால் அவளும் இந்த ஊர்க்காரிதான்.

பெட்டியிலிருந்து இன்னொன்றை விரித்து, அலகின் முதுகை மேஜை விளிம்பில் தட்டினாள். நின்றது. மறுபடி தட்டினாள், நின்றது. அடுத்த தட்டில் மடிந்தது. வேறொன்று முதல் தட்டிலேயே மடிந்தது. இன்னொன்று எவ்வளவு தட்டியும் மடியவில்லை, அலுத்துப்போய்க் கீழே வைக்கப் போகும்போது மடிந்தது. எது எப்போது காலை வாரும் என்று சொல்லவே முடியாது.

"பெட்டி இன்னும் வெளிய போகல, கும்பிடு போட்டுக்கலாம்" என்றார் லியோன்சியோ, கார்ச் சாவியை எடுக்க உள்ளே ஓடி வந்து. "ஏம்மா, ஏன் அப்படி நிக்கிற?"

"ஒண்ணு போயிருக்கு" என்றாள் கசில்தா.

அவள் ஹினேஸுக்குப் போட்ட போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் போனை வண்டியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவான். அவள் மொபெட்டை எடுத்தாள்.

வழி நெடுக அவளுக்கு அவன் கைதான் கண்ணில் நின்றது. அடிமரத்தை வெட்டி, நடுவில் கத்தியை வைத்துத் தட்டிப் பிளப்பான். பிளந்ததும் கத்தியை மேலே உருவ வேண்டும். பச்சை மரம் சீஸை விட இறுக்கமாக அலகைக் கவ்வும். அவன் நாலு விரலும் பிடிக்கு அடியில் இருக்கும். நாள் முழுக்க இதே வேலை. காலையிலிருந்து எத்தனை மரத்தில் உருவியிருப்பான் என்று கணக்குப் போட்டபடி மொபெட்டை இன்னும் விரட்டினாள். எதிரே ஒரு வெள்ளை வேன் பறந்து வந்தது. அவனைத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறார்களோ என்று அவள் வேகத்தைக் குறைத்து, உள்ளே யார் யார் என்று பார்த்தாள். தெரியாத இரண்டு பேர். கடவுளுக்கு நன்றி சொல்லவும் பயமாக இருந்தது.

தோட்டத்து ஓரத்தில் அவன் வண்டி நின்றது. வரிசைகளுக்கு நடுவே, தூரத்தில், அவன் முதுகு தெரிந்தது. மண்டியிட்டுக் குனிந்திருந்தான். உயிரோடு, முழுசாக. கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். திடுக்கிட்டுக் கையை இழுத்தானென்றால்?

ஓடவும் முடியவில்லை. மார்ச் மாதக் காற்று முகத்தில் அறைய, மண்ணில் ஓசை வராமல் நடந்தாள். அவன் தோள் மேலே எழும்போதெல்லாம் நின்றாள். தோள் தாழ்ந்த பிறகு நடந்தாள். கடைசியில் சுற்றிப் போய் அவன் கண்ணில் படும்படி எதிரே நின்றாள்.

"என்ன, வீடு பத்தி எரியுதா?" என்றான் ஹினேஸ்.

"கத்தியக் கீழ வை."

"ஏன்?"

"வையேன். வச்சுட்டுக் கேளு."

வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விசியின் விரல்களைச் சொல்லும்போது அவன் "அய்யோ பாவம்" என்றான், ஆனால் பார்வை, வெட்டி வைத்த அடிமரத்தின் மேலேயே இருந்தது. பிறகு கத்தியை எடுத்து, கொடி படரும் கம்பத்தில் அதன் முதுகை ஓங்கித் தட்டினான். நின்றது. மறுபடியும் தட்டினான், மறுபடியும். கத்தி அசையவில்லை.

"பாரு. கல்லு மாதிரி நிக்குது. காலையிலேர்ந்து இதுலதான் வேல பாக்குறேன்."

"மத்ததும் இப்படித்தான் நின்னுச்சு. நின்னு நின்னுதான் மடிஞ்சுது."

"கசில்தா, இந்தக் காத்துல வெட்டுன மரம் காஞ்சிரும். ஒட்டுக் குச்சிய ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன், அதுவும் தாங்காது. இன்னும் அர வரிசதான். முடிச்சுட்டு வந்து உன் கத்தியத் தூக்கிப் போடுறேன், சரியா? போய் வண்டியில உக்காரு."

"வேற கத்தி வாங்கிட்டு வர்றேன்."

"நீ போயிட்டு வர்றதுக்குள்ள நான் முடிச்சிருவேன். எதுக்கெடுத்தாலும் நெஞ்சப் பிடிச்சுக்கிற ஆளுடி நீ."

இதற்கு மேல் அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். தன் கையை ஒரு பொருட்டாகவே நினைக்காத மனுஷன். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தின் அடியில் பயம் அப்படியே இருந்தது. அவன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள்.

"அப்ப பிளக்கறதும் உருவறதும் நான். நீ குச்சியச் சொருகிக் கட்டு."

"உனக்கு ஒட்டுக் கட்டத் தெரியுமாக்கும்?"

"உன்னக் கட்டிக்கிட்டு இத்தன வருஷம் பாத்துட்டுதானே இருக்கேன்."

அவன் சிரித்தான். விளையாட்டாக விலகி இடம் விட்டான். அவள் மண்டியிட்டு, வெட்டிய மரத்தின் நடுவில் அலகை வைத்து, அவன் செய்வது போல் கட்டையால் தட்டினாள். மரம் பிளந்தது. விரல்களைப் பிடிக்கு அடியில் மடக்கி மேலே இழுத்தாள். கத்தி சுலபமாக வந்துவிட்டது.

"பரவால்லயே, நாளைலேர்ந்து நீயே போ வேலைக்கு" என்றான் அவன், குச்சியைச் சொருகிக்கொண்டே.

அடுத்தது வயதான மரம், தடித்தது. பல முறை தட்டிய பிறகே அலகு இறங்கியது. இழுத்தாள், வரவில்லை. மரம் கவ்விக்கொண்டது. அவள் முழங்காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, பிடியை இறுக்கிப் பிடித்தாள். கை வியர்த்திருந்தது. விசியின் கையில் சுற்றிய துணி நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு."

ஹினேஸின் குரல் வேறு மாதிரி இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். அவன் ஒட்டைக் கட்டும் நாரைக் கீழே போட்டுவிட்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இழுக்காத" என்றான். "கைய எடு."

"காத்துல காஞ்சிரும்னு சொன்ன."

"காயட்டும். எடுன்னு சொல்றேன்ல."

அவள் எடுக்கவில்லை. வீம்பு இல்லை, விரல்கள்தான் விறைத்துப்போயிருந்தன. அவன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து பிரித்தான், கத்தி அசையாதபடி, மூச்சு விடாமல்.  தன் விரல்களை அவன் ஒருநாளும் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

கத்தி மரத்திலேயே நின்றது. இருவரும் அதைத் தொடவில்லை.

"பட்டறையிலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் கசில்தா.

"தெரியுது" என்றான் அவன். அவள் விரல்களை அவன் இன்னும் விடவில்லை.