டிரைவரம்மாவின் வலது கால்

டிரைவரம்மாவின் வலது கால் மீது மூன்று மாதமாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அந்தக் கால் ஓயாமல் பிரேக்கின் மேலேயே கிடக்கிறதாம். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பழி போடுவதற்கு அதெல்லாம் எதற்கு?

அவள் ஒரு சின்ன மருத்துவமனையில் கார் ஓட்டினாள். காலில் கட்டுப் போட்டவர்கள், ஊன்றுகோல்காரர்கள், சிகிச்சை முடிந்து தள்ளாடி வருபவர்கள் எல்லாரையும் வீட்டிலிருந்து கூட்டிவந்து மறுபடி வீட்டில் விட வேண்டும். காருக்குப் பதினெட்டு வயது. ஐந்து வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள், பம்பரில் ஒரு கீறல் கிடையாது. இந்த மூன்று மாதமாகத்தான் வண்டி அடம்பிடிக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியான நெரிசலில் ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் கனக்கத் தொடங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முக்கும், முன்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வரும். அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே தெரியாத நல்ல பிள்ளையாகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாகவே இருந்தது.

மெக்கானிக் இரண்டு முறை பிரேக் பேடு மாற்றினார். தேய்ந்த பேடுகளை மேனேஜரின் மேசைமேல் வைத்து, டாக்டர் எக்ஸ்ரே காட்டுவது போலக் காட்டினார்.

"லேடீஸ் ஓட்டினா இப்படித்தான் சார். பயத்துல கால் பிரேக்கை விட்டு வராது. வண்டி மேல தப்பே இல்ல."

மேனேஜர் ஒரு கடிதம் தயார் செய்தார். ஓட்டும் முறையால் வாகனத்துக்குச் சேதம் என்று எழுதி, கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். திங்கட்கிழமை முதல் வேறு டிரைவர் வருவார், அவள் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கலாம்.

"வேலை ஒண்ணும் போகலையேம்மா. ஏசி காத்துல உக்காரலாம்."

"எனக்குக் காத்து ஜன்னல் வழியா வருது சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர், நல்ல மனுஷர்தான். காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் மெதுவாக, "நீயும் எங்கயாவது தெரியாம கொஞ்சம் கால வச்சிருப்பியோ?" என்றார்.

மேனேஜர் சொன்னது கோபத்தைத்தான் கிளப்பியது. இது வலித்தது. "பத்தொன்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், இருபது வருஷமா உங்களோட குடித்தனம் நடத்துறேன். கால எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவர் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

மறுநாள் ஒரு நோயாளியை இறக்கிவிட்ட கையோடு, குனிந்து இரண்டு முன்சக்கரத்துக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனாள். இரண்டிலும் ஒரே அனல். ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டால் அது மட்டும்தானே கொதிக்க வேண்டும்? வண்டியும் அந்தப் பக்கம் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. பிறகு கையால் பிரேக் பெடலை அமுக்கிப் பார்த்தாள். காலையில் அரை விரல் அளவாவது தளர்வாக இறங்கும் பெடல், இப்போது கல்லாக நின்றது. அப்படியானால் கோளாறு சக்கரத்தில் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் பொதுவாக, மேலே எங்கோ இருக்கிறது.

மேலே என்றால் மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர், அதற்கு முன்னால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே தள்ளுகிற ஒரு சின்னக் கம்பி. காலை எடுத்ததும் அந்தக் கம்பி முழுசாகப் பின்வாங்கினால்தான் பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழி கிடைக்கும். கம்பி ஒரு நூல் நீண்டிருந்தாலும் வழி அடைபடும். ஆயில் சூடாகும், உப்பும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் சூடு. மூன்று மாதத்துக்கு முன்னால் பூஸ்டரை மாற்றியது யார்? சாட்சாத் அந்த மெக்கானிக்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சனிக்கிழமை மெக்கானிக்கை வைத்துக்கொண்டே மேனேஜரிடம் கேட்டாள். "அண்ணன் ஓட்டட்டும் சார். என் வழக்கமான ரூட்டுல, என் வழக்கமான நேரத்துல. நான் பின்சீட்டுல உக்காந்துக்குறேன். வண்டி ஒழுங்கா வந்து சேந்தா, அந்தப் பேப்பர்ல அப்பவே கையெழுத்து."

"தாராளமா" என்றார் மெக்கானிக். அவருக்குச் சிரிப்பு. மேனேஜர் கடிதத்தை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். டிரைவரம்மா பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். அவள் நினைத்தது தப்பாக இருந்தால், திங்கட்கிழமை டோக்கன்தான்.

மெக்கானிக் ராஜா மாதிரி ஓட்டினார். "பாத்தீங்களா சார், தேவைக்குத்தான் பிரேக்." கடைத்தெரு, இரண்டு சிக்னல், பள்ளி விடும் நேரத்துக் கூட்டம் எல்லாவற்றிலும் தேவை வந்துகொண்டே இருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் அவர் பேச்சைக் குறைத்தார். ஏழாவதில் கியரைக் குறைத்தார்.

"ஏதோ நாத்தம் வருதே" என்றார் மேனேஜர்.

"பக்கத்து லாரியா இருக்கும் சார்."

பக்கத்தில் லாரியே இல்லை. அடுத்த சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி ஒரு முழம் நகர்ந்து முனகி நின்றது. எஞ்சின் அணைந்தது. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. மெக்கானிக் இறங்கித் தள்ளிப் பார்த்தார், மேனேஜரும் கை கொடுத்தார். வண்டி அசைந்தால்தானே?

டிரைவரம்மா நிதானமாக இறங்கினாள். "கால் இப்ப யாரோடதுண்ணே?"

அவள் பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருந்த இரண்டு நட்டையும் இரண்டிரண்டு சுற்று தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது, சிலிண்டர் நூலளவு முன்னால் நகர்ந்து கம்பியின் அழுத்தத்திலிருந்து விடுபட்டது.

"இப்பத் தள்ளுங்க சார்."

மேனேஜர் முழு பலத்தையும் போட்டுத் தள்ளினார். வண்டி சடக்கென்று உருண்டது, அவர் குப்புற விழாமல் தப்பியதே பெரிய விஷயம். ஓரமாக நிறுத்தினார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கம்பி நீளமா இருக்கு. அத நீட்டினது நானா, என் காலா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் மண்டையைச் சொறிந்தார். "நீட்டினது நான்தான் தங்கச்சி. புது பூஸ்டர் போட்டப்ப பெடல் கொஞ்சம் இறங்கித்தான் பிடிச்சுது. நீ குள்ளமா இருக்கியே, கால் எட்டாதேன்னு மேலயே பிடிக்கிற மாதிரி வச்சேன். உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்."

"அஞ்சு வருஷமா எட்டுன கால் அன்னிக்கு மட்டும் எப்படிண்ணே எட்டாமப் போச்சு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. உதவியை அவர்களே முடிவு செய்தார்கள், அதில் வந்த கோளாறை அவள் தலையில் கட்டினார்கள், தண்டனையையும் ஏசி காற்றோடு அவர்களே எழுதினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்த வேண்டும் போல இருந்தது.

சிலிண்டரை முன்னால் இழுத்துக் கம்பியின் முனையை உள்ளே திருக மெக்கானிக்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மேனேஜர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகப் பார்த்தார்.

"மடிக்காதீங்க சார். அதுலயே எழுதுங்க, கோளாறு வண்டியிலன்னு. அண்ணனும் கீழ கையெழுத்துப் போடட்டும்."

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப? வண்டிதான் சரியாயிடுச்சே."

"வண்டி சரியாயிடுச்சு. எம் பேரு இன்னும் சரியாகல."

மேனேஜர் காரின் கூரைமேல் வைத்து எழுதினார். மெக்கானிக்கின் கையெழுத்தில் கொஞ்சம் கிரீஸ் பட்டது. அவள் அதைப் படித்துப் பார்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்தாள். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார், மெக்கானிக் பின்னால் ஒடுங்கினார்.

வண்டி லேசாக ஓடியது. மேம்பாலம் இறங்குகிற இடத்தில் முன்னே ஒரு பஸ் நின்றது. தூரம் தாராளமாக இருந்தது, அவள் ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டாள். பக்கத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. மேனேஜர் வலது காலால் தரைவிரிப்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"கால எடுங்க சார்" என்றாள். "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."