அஞ்சே கால் வண்டி

மீன் ஏலக் கூரைக்குள் அன்று காலை நாலு பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஜெபதாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் முன்னால் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி, அதன்மேல் காகிதம். எதிரே ஈரச் சிமென்ட் தரையில் காலை நீட்டி கிளாரா; பக்கத்தில் ஈரச் சாக்கு மூடிய அவளுடைய மீன் சருவம், வாயகன்ற அலுமினியப் பாத்திரம். தூணில் சாய்ந்து, காது மந்தமான மரியபுஷ்பம். வாசல் படியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பிரிஜா. அவள் குலசேகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள்.

புன்னைத்துறையிலிருந்து குலசேகரம் போகும் விடியற்காலை அஞ்சே கால் பஸ் நின்று ஒன்றரை மாதமாகிறது. அந்த ஒரு வண்டியில்தான் பின்வாசல் பக்கம் தரையில் சருவத்தோடு உட்கார விடுவார்கள். ஈரச் சேலையோடு சீட்டில் உட்காரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை, பெண்களே உட்காருவதில்லை. அடுத்த வண்டி ஒன்பதே முக்காலுக்கு. அதில் காலேஜ் பிள்ளைகள் வருவதால், சருவத்தைக் கண்டாலே கண்டக்டர் ஏற்றாமல் விசில் ஊதிவிடுவார். ரப்பர் தோட்டத்து வீடுகளுக்குக் கிளாரா ஏழு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் பைக்கில் மீன் கொண்டுவருகிறவன் முந்திவிடுவான். இருபத்தாறு வருஷமாக நடந்து பிடித்த வீடுகள். இப்போது ஏழெட்டுதான் மிச்சம்.

முன்பு எழுதிய மனுவுக்கு பஸ் ஆபீஸிலிருந்து வந்திருந்த பதிலை ஜெபதாஸ் சத்தமாக வாசித்தார். "மூன்று நாட்கள் நடத்திய கணக்கெடுப்பில், மேற்படி நடையில் பயணித்தவர்கள் சராசரி நான்கு பேர். ஆகவே வண்டி கல்லூரி வழித்தடத்துக்கு மாற்றப்பட்டது."

கண்ணாடியைக் கழற்றினார். "நாலு பேரா? பதினொரு வருஷம் அந்த டிரிப்புல நான் நின்னிருக்கேன். பின்னாடி மட்டும் பதினேழு பொம்பிளைய இருப்பாவ. சருவத்தைத் தாண்டித் தாண்டியே எனக்க முட்டு தேஞ்சு போச்சு."

"என்னவாம்?" என்றாள் மரியபுஷ்பம்.

"நீ செத்துப் போனியாம். பஸ் ஆபீஸுல எழுதியிருக்காவ," என்றாள் பிரிஜா திரும்பாமலே.

"எப்போ?"

ஜெபதாஸ் சிரித்துவிட்டார். கிளாரா சிரிக்கவில்லை. புறங்கையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் பொய் எழுதல்ல சாரே," என்றாள். "அந்த மூணு நாளும் நாங்க ஏறல்ல."

"ஏறல்லியா?"

"முதல் நாளு ஸ்டாப்புல ஒருத்தரு நின்னாரு. கையில அட்டையும் பேனாவும். சருவத்தையே உத்து உத்துப் பாத்தாரு. லக்கேஜ் செக்கிங்னு நெனச்சேன். நான்தான் எல்லாரையும் மறிச்சு, ரோட்டு வளவுக்கு அந்தால கொண்டுபோயி மீன் டெம்போவுல ஏத்தினேன். பின்ன ரெண்டு நாளும் அப்படித்தான்."

சில வருஷம் முன்பு செக்கிங் வந்தவர்கள் சருவங்களை ரோட்டில் இறக்கி வைத்து, வெயில் ஏறும்வரை விடவில்லை. அன்றைக்கு மீன் முழுவதும் கெட்டுப்போயிற்று. அது ஜெபதாஸுக்கும் தெரியும்.

பிரிஜா எழுந்து நின்றாள். "அப்போ நான்? மூணு நாளும் நம்ம ஸ்டாப்புல நான் ஒத்தைக்கு ஏறினேன் மாமி. எவளையும் காணல்லியேன்னு டிரைவர் அண்ணன் எங்கிட்ட கேட்டாவ. எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"உனக்கு சருவம் இல்லியே மக்கா. உன்னை என்னத்துக்குப் புடிக்கப் போறான்னு விட்டேன்."

"நல்லா விட்டிய. லேட்டு லேட்டுன்னு சொல்லி, இனி வராண்டாம்னு நேத்து சூப்பர்வைசர் சொல்லியாச்சு."

கிளாரா சாக்கைத் தூக்கி, மீனைப் பார்த்து, திரும்ப மூடினாள். ஐஸ் உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இத எழுதணுமா, வேண்டாமா?" என்றார் ஜெபதாஸ்.

"எழுதினா, ஒளிஞ்சவளுவளுக்கு என்னத்துக்கு பஸ்ஸுன்னு கேப்பான்," என்றாள் பிரிஜா.

"எழுதும் சாரே. எனக்க பேரப் போட்டே எழுதும்," என்றாள் கிளாரா.

அவர் எண் போட்டு எழுதினார். யார் யார், எங்கே உட்கார்ந்து போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்வாசல் படியருகே கிளாரா. அவளுக்கு எதிரே மரியபுஷ்பம்.

"அல்போன்சாளுக்கு?"

"டயர் மேட்டுப் பக்கம். அவ போன மாசத்தோட வியாபாரத்தை விட்டாச்சு."

பேனா நின்றது. "அப்போ எழுதவா?"

"எழுதும். எடம் அவளுக்க எடம்தானே."

பதினேழு பெயர் முடிந்தது. பதினெட்டாவதாகப் பிரிஜாவின் பெயரை எழுதி, அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் வந்து கையெழுத்துப் போட்டாள். கிளாராவின் பெருவிரல் ஈரத்தில் மை ஒட்டவில்லை. பிரிஜா அந்தக் கையைப் பிடித்துத் தன் துப்பட்டாவில் துடைத்து, விரலில் பேனாவால் மையைத் தேய்த்து, காகிதத்தில் அழுத்தினாள்.

ஜங்ஷன் தபாலாபீஸில் ஊழியர் ஞானையன் தபால் பையைக் கட்டும் நேரம். ஜெபதாஸ் உறையைப் பசை தடவி ஒட்டி, இரண்டு முறை நீவிக் கொடுத்தார். ஞானையன் முத்திரை குத்திப் பைக்குள் போட்டு, வாயைச் சணலால் கட்டி, அரக்கு உருக்கி வைத்தார்.

ஒன்பதே முக்கால் வண்டி வந்தது. ஞானையன் பையைப் பின்வாசல் வழியாக நீட்டினார். கண்டக்டர் குனிந்து வாங்கி, படியருகே தரையில், சரியாதபடி ஓரத்தோடு சேர்த்து வைத்தார்.

கூடவே வந்திருந்த கிளாரா சருவத்தைத் தலைக்கு ஏற்றி, ஒரு காலைப் படியில் வைத்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார்.