பல் டாக்டர் துலக்கிய நாணயம்

அப்பா டப்பாவைத் திறந்ததும் பஞ்சுக்கு நடுவிலிருந்த வெள்ளி நாணயம் பளீரென்று கண்ணைக் குத்தியது. எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

இந்தப் பல் டாக்டரைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருக்கிறேன். என் கடவாய்ப் பல்லில் தொடங்கிய பழக்கம். பழைய நாணயங்களைத் தரம் பார்த்து விலை சொல்வது அப்பாவின் தொழில். அந்த ஜோரில் மனிதர்களையும் விடமாட்டார். மாடி வீட்டுக்காரர் 'விளிம்பு நசுங்கினது'. என்னைப் பெண் கேட்டு வந்த வங்கி அதிகாரி 'மேல முலாம், உள்ள ஈயம்'. பல் டாக்டரைப் போன வாரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தேய்மானம் இல்ல. ஆனா தட்டிப் பாக்கணும்" என்றார். தட்டிப் பார்க்க அவர் கண்டுபிடித்த வழி, தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான நாணயத்தைக் கொடுத்தனுப்பியது. "ஒரு வாரம் வச்சிருங்க தம்பி. என்ன தோணுதுன்னு வந்து சொல்லுங்க." பெற்ற பெண் என் கையில்கூட அதைத் தந்ததில்லை. அவரே பஞ்சுக் கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். அதன்மேல் காலம் பூசியிருந்த கறுப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் ஓரத்தில் நீலமாகத் தெரியும். விலையில் முக்கால்வாசி அந்தக் கறுப்புக்குத்தான். இதை டாக்டரிடம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய நாணயத்தைத் தேய்க்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

"நெறைய கறை சார்" என்றார் டாக்டர். "பல் கறை எடுக்கிற மிஷினையே போட்டேன். அப்பறம் பேஸ்ட் வச்சு பாலிஷ். அதுல இருக்கற ராஜா மீசை இடுக்குலகூட விடல."

கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா கத்தவில்லை. கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெறும் கட்டைவிரலால் ராஜாவின் கன்னத்தைத் தடவினார். பிறகு மூக்கை. "வாங்கின நாள்லேர்ந்து இத வெறுங்கையால தொட்டதே இல்லம்மா" என்றார் என்னிடம். "இனிமே தொடலாம்."

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "தப்பா ஏதாச்சும்..."

"வாய மூடுங்க" என்றேன். நாள் முழுக்க ஊரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், கப்பென்று மூடிக்கொண்டார்.

"இது இனிமே சுண்டிப் பாக்கத்தான் லாயக்கு" என்று அப்பா எழுந்து நின்றார். "தல விழுந்தா கல்யாணம். பூ விழுந்தா கெளம்புங்க தம்பி."

"அப்பா! என் கல்யாணம் உங்களுக்குப் பூவா தலையாவா?"

நான் சொல்லி முடிப்பதற்குள் சுண்டிவிட்டார். ஆயுசெல்லாம் விளிம்பைப் பிடித்தே பழகியவருக்குச் சுண்டத் தெரியவில்லை. நாணயம் ஜன்னல் கம்பியில் மோதி, தரையில் விழுந்து, உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. சுண்டத்தான் லாயக்கு என்று சொன்ன வாய் மூடவில்லை, மனிதர் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். பக்கத்திலேயே, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு டாக்டரும் படுத்து, பல் பார்க்கிற குட்டி டார்ச்சைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணும் தெரியலியே" என்றார் அப்பா. "மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம் அடிங்க."

சொன்னது அவருக்கே தெரியவில்லை. டாக்டரின் காது மட்டும் சிவந்தது. நான் மூச்சுவிடாமல் அவர்களுக்கு நடுவில் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தூசுக்கும் ஒரு பழைய சீப்புக்கும் அப்பால், சுவரில் சாய்ந்து, தலையும் விழாமல் பூவும் விழாமல் அது நின்றுகொண்டிருந்தது. டார்ச் பட்டதும் பீரோவின் அடி முழுக்க வெளிச்சமானது.

டாக்டர் கையை நீட்டினார்.

"விளிம்பப் புடிச்சு, விளிம்பப் புடிச்சு" என்று பதறினார் அப்பா. டாக்டரின் இரண்டு விரல்கள், ஆடுகிற பல்லை நெருங்குவதுபோல, மெதுவாக அதை நோக்கிப் போயின.