தைலம் தேய்த்த தோல் பை

1

இந்தக் கதை ஒரு நெடியிலிருந்து வந்தது. குன்னூரில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் தோல் பையோடு ஒரு பெண்மணி. அந்தப் பக்கமிருந்து குப்பென்று யூகலிப்டஸ் தைலம். “யாருக்குங்க சளி?” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். யாருக்கும் இல்லை. பைக்குத்தான்.

அந்தப் பெண்மணியிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் உண்மை தெரிந்து கதை கெட்டிருக்கும்.

2

முதல் ஆரம்பம்: ‘குன்னூரை மெல்ல முத்தமிட்டது பனிமூட்டம்...’

[அடித்தாயிற்று. ஜூலை மாத மூட்டம் யாரையும் முத்தமிடாது. ஜன்னல் வழியே வந்து, கொடியில் காயும் பனியனில் உட்காரும்.]

இரண்டாம் ஆரம்பம்: ‘ரேகாவின் கண்கள்...’

[கண்ணுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.]

மூன்றாவது: ரேகா அலமாரியைத் திறந்தாள். நாத்தனாரின் பை நரைத்திருந்தது.

இதுவே இருக்கட்டும்.

3

நாத்தனார் ராஜப்ரியா கோயமுத்தூர்க்காரி. பை, கைவினைஞர் ஒருவர் கையாலேயே வெட்டிக் கையாலேயே தைத்தது. “இதே மாதிரி இன்னொன்னு உலகத்துலயே கெடையாது” என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி முடித்தவள். கோவை வெயிலில் தோல் வெடித்துவிடும் என்று பயந்து, தம்பி வீட்டில் கொடுத்து வைத்தாள்.

“உங்கூர்க் குளுருக்கு ஃபிரிட்ஜுல வெச்ச மாதிரி இருக்கும், ரேகா.”

ரேகா பத்திரத்துக்கு மேல் பத்திரமாக அதைப் பாலிதீன் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் முடிச்சும் போட்டாள். பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு யாரும் பார்த்துக் கொடுக்க முடியாது.

[பராமரிப்புக் குறிப்பு: பையைத் துணியில்தான் சுற்ற வேண்டும். பூஞ்சணம் வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடவும். இதை ரேகாவுக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் கதை இந்த வரியோடு முடிந்துவிடும்.]

4

மறுநாள் காலையில் ராஜப்ரியா வருகிறாள். சொந்தத்தில் கல்யாணம், அந்தப் பையோடுதான் போவாளாம். போன வருஷம் ரேகா அடிப்பிடிக்கவிட்ட பாயசத்தை ராஜப்ரியா இன்னும் ஒவ்வொரு விசேஷத்திலும் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். கூடவே ஒரு வரி: “மலைக்காரிக்கு என்ன தெரியும்?” இந்தப் பை வேறு கெட்டால் அந்த வரி ஆயுசுக்கும் போகாது.

கணவன் பாண்டியராஜ் யோசனை சொன்னான். “தைலம் போட்டுத் தேய். தைலத்துக்குப் போகாதது ஒன்னு இருக்குதா?”

தேய்த்தாள். பூஞ்சணம் போனது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நிறமும் போனது.

“ஏனுங்க, இப்படி ஆயிருச்சே!”

“நான் பூஞ்சணத்துக்குத்தானே சொன்னேன்? கலருக்கா சொன்னேன்? சரி, மிச்சத்தையும் தேய். ஒரே மாதிரி ஆயிரும்.”

[இப்படி ஒரு கணவன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். வீட்டில் விசாரித்தேன். இருப்பானாம்.]

ஒரே மாதிரி ஆனது. கருங்காப்பி நிறத்தில் இருந்த பை, ஊட்டி வர்க்கி பிஸ்கட் நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

5

ராஜப்ரியா வந்தாள். பாண்டியராஜ் பால் வாங்கப் போனான். [நான் அனுப்பவில்லை. அவனாகவே போனான்.]

“எம்பை எங்கே?”

“இதுதானுங்க, அண்ணி.”

ராஜப்ரியா புரட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“இது எம்பையே இல்லையே. ஏன் ரேகா, என்னோடதை வித்துப்போட்டு, ஏதோ ஒன்னை மார்க்கெட்ல வாங்கி நீட்டறயா?”

உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்றால் இது ஒரு தொல்லை. ஒத்துப் பார்க்க இன்னொன்று கிடையாது.

6

நான் எழுதிய முடிவு: ரேகா உண்மையைச் சொல்கிறாள், ராஜப்ரியா உருகுகிறாள், இருவரும் கட்டி...

ரேகா மறுத்துவிட்டாள். “நீங்க எழுதிப்போட்டுப் போயிருவீங்க. மத்தியானம் பந்தியில அவங்க பக்கத்துல உக்காரப் போறது நானுங்க.”

நியாயம்தான். ‘நான்தான் கெடுத்தேன்’ என்றால் அதே ‘மலைக்காரிக்கு என்ன தெரியும்?’தான். ‘விற்றுவிட்டேன்’ என்றால் திருடி. ஆனால் திருடியைப் பார்த்து, அவளுக்கு என்ன தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ரேகாவும் இதையேதான் யோசிக்கிறாள் போலிருக்கிறது. நாத்தனார் இருக்கிறவர்கள் யாராவது பேனாவை எடுத்து முடித்துக்கொடுங்கள். அவள் வாய் திறந்துவிட்டாள்:

“அண்ணி, அது வந்துங்க, உங்க பையை நான்...